கிணற்றுப் பாம்பின் வழக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் அப்போது வழக்காடு மன்றம் என்றால் ஜனங்களுக்கு உயிர். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்ந்ததும் மேடை போட்டு மைக் கட்டிவிடுவார்கள். புராணத்தில் நிம்மதியாக இருக்கிறவர்களைக் கூண்டில் ஏற்றி ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் மறுப்பார், நடுவில் சால்வை போர்த்திய பெரிய மனிதர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார். வீட்டில் மாமியார் மருமகள் சண்டையைத் தீர்க்க வழியில்லாத சங்கரன்கோவில் ஜனம், கடலை கொறித்துக்கொண்டு சாமிகளுக்கு நியாயம் கேட்கும். எனக்குத் தீர்ப்புப் பிடிக்காவிட்டால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டே வருவேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் அதே ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். அந்த வருஷ ஆண்டு விழாவில் பிள்ளைகளே வழக்காடு மன்றம் நடத்த வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பொறுப்பு என் தலையில் விழுந்தது. புதிதாக வந்தவள் தலைதானே எல்லாருக்கும் எட்டும்.

"புராணம் வேண்டாம் டீச்சர். எல்லா வீட்டுப் பிள்ளையளும் படிக்கு. பொறவு எவனாவது சண்டைக்கு வந்து நிப்பான். பாம்பு, நரின்னு ஏதாவது கதையா எடுங்க. பாம்பு வந்து நம்மகிட்ட நியாயம் கேக்கப் போறதில்ல" என்றார் அவர்.

வகுப்பில் கதை கேட்டேன். ஒரு பெண் தன் வீட்டில் கேட்ட கதையைச் சொன்னாள். மழை பொய்த்த காட்டில் ஒரு சம்சாரி ஆடு மேய்த்துக்கொண்டு வெகுதூரம் போய்விடுகிறான். தாகத்தில் உயிர் போகும் நேரத்தில் ஒரு கிணறு தெரிகிறது. படியில் ஒரு பெரிய பாம்பு படுத்திருக்கிறது. 'தண்ணீர் குடித்துக்கொள். உன் வீட்டில் இன்னும் பேர் வைக்காத ஒன்று இருக்கிறது, அதை என் பிள்ளைக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடு' என்கிறது பாம்பு. சினையாக இருந்த மாடு கன்று போட்டிருக்கும் என்று நினைத்து இவன் சரி என்று சொல்லிக் குடிக்கிறான். வீட்டுக்கு வந்தால் தொட்டிலில் பெண் குழந்தை. அவள் பெரியவளானதும் பாம்பு வாசலில் வந்து நிற்கிறது. அப்பன் வாக்குக்காக அந்தப் பெண் பாம்பின் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறாள், அது ராஜகுமாரனாக மாறுகிறது, சுபம்.

அந்தப் பெண் கதையை முடித்ததும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். நானும் வாக்கில் இருந்த பெண்தான். எனக்குக் காது குத்தும்போது குருவிகுளத்துத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்களாம். "இவ எம் மகனுக்கு" என்று மாமா சொல்ல, அப்பா சிரித்துக்கொண்டே அவர் துண்டில் வெற்றிலை பாக்கை வைத்தாராம். எங்கள் சொந்தத்தில் அது கல்யாணத்தில் முக்கால்வாசி. அத்தான் நல்ல மனிதர். அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு ஆங்காரம் இருந்தது. அதைப் பத்திரமாக வளர்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் சபையில் எழுந்து நின்று 'மாட்டேன்' என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்தாலே முதுகு நேராகிவிடும்.

வழக்குக்கு அந்தக் கதையையே எடுத்தேன். பாம்பு வாதி. சம்சாரி பிரதிவாதி. பாம்புக்காகப் பேச, புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் பார்ப்பவர் மகள். நாலு பேர் பேச்சை ஒருத்தியே பேசுவாள். பெண்ணுக்காகப் பேச, மெல்லிய குரலுள்ள ஒரு சிறு பெண். இருவருக்கும் சட்டம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அப்பா இருந்தார்.

அப்பா வக்கீல் குமாஸ்தா. ஆயுள் முழுவதும் வக்கீல் பின்னால் கேஸ் கட்டுத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனவர். அவரை யாரும் பேசச் சொன்னதில்லை. இப்போது இரண்டு பிள்ளைகள் பென்சிலும் கையுமாக வந்து எதிரே உட்கார்ந்ததும், சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"தகப்பன் பிள்ளைக்குக் காவல்தான் மக்கா, சொந்தக்காரன் இல்ல. தோட்டத்துக் காவக்காரன் தோட்டத்தை விக்க முடியுமா?" என்றார் சிறு பெண்ணைப் பார்த்து.

"அப்பம் குடிச்ச தண்ணிக்கு என்ன சொல்லுதீய?" என்று புளியங்குடிக்காரி விடவில்லை.

"தண்ணிக்குத் தண்ணி கேளு. நட்டஈடு கேளு. பிள்ளையைக் கேக்கப்பிடாது. அதோட, தாகத்துல சாவக் கெடக்கவன்கிட்ட வாங்குன வாக்கு என்ன வாக்கு? கழுத்தைப் பிடிச்சு வாங்குனதும் இதுவும் ஒண்ணுதான். கன்னுக்குட்டின்னு நெனைச்சுல்லா கொடுத்தான்? எதைக் கொடுக்கோம்னே தெரியாம கொடுத்தது எப்படிச் செல்லும்? இத்தனை வருசமா பாம்பு எங்கன போயிருந்துச்சு? கெடு தாண்டிப் போச்சுன்னு ஒரு போடு போடு."

அவர் முகம் அப்படிப் பிரகாசித்து நான் பார்த்ததில்லை. நான் காப்பி தம்ளர்களை வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் தறிச் சத்தம். அதையும் மீறி ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. அம்மா பின்னால் வந்து மெதுவாகச் சொன்னாள்: "ஒங்கப்பாவுக்குத் தான் என்ன பேசுதோம்னு தெரியுதா, தெரியலையா?"

"கதைதானேம்மா" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுடைய அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு அது. அவளுக்கு என் எண்ணம் தெரிந்துவிட்டது. எனக்கோ சந்தோஷம். என் விடுதலைப் பத்திரத்தை அப்பா தானே எழுதிக்கொண்டிருக்கிறார், அதுவும் என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல். அவரை ஏமாற்றுகிறோமே என்று அப்போது ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. நியாயம் என் பக்கம் இருக்கிறது, வேறு என்ன வேண்டும் என்று இருந்தேன்.

ஆண்டு விழாவுக்கு மாமாவையும் அத்தானையும் அப்பாவே வரச் சொல்லியிருந்தார். "நான் சொல்லிக்கொடுத்த பிள்ளையள் பேசுது, வந்து பாருங்க மச்சான்" என்று பெருமை. முதல் வரிசையில் அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அத்தான் பின்னால் எங்கேயோ நின்றார். நடுவராக இருக்க ஒப்புக்கொண்டிருந்த பெரியவர் திருநெல்வேலியிலிருந்து வரவேண்டும். அவர் வந்த பஸ் வழியில் நின்றுபோனதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியை சால்வையை என் தோளில் போட்டார்.

"ஒங்களுக்குத்தான் கதை பூராவும் தெரியுமே. உக்காந்து ரெண்டு வார்த்தை சொல்லிருங்க."

மறுக்க நேரம் இல்லை. நான் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். டவாலி வேஷம் போட்ட பிள்ளை குறுக்கே சிவப்பு ரிப்பனைக் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரியே, "பாம்பு... பாம்பு... பாம்பு ஆஜர்" என்று மூன்று தரம் கூவினாள். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

புளியங்குடிக்காரி பாம்புக்காக அபாரமாகப் பேசினாள். பாம்பு ஒளித்து மறைத்துக் கேட்கவில்லை, குடிப்பதற்கு முன்பே சொல்லித்தான் கேட்டது, குடிக்கும்போது இனித்த வாக்கு கொடுக்கும்போது கசக்குமா என்றாள். "தண்ணியைக் குடிச்சு உசிர் பிழைச்சவன் வீடு இன்னைக்கு வரைக்கும் அந்தத் தண்ணிக்குக் கடமைப்பட்டிருக்கு. வாக்கு மாறுறவனுக்கு இந்தக் காட்டுல இனி எந்தப் பாம்பு தண்ணி கொடுக்கும்?" என்று கேட்டபோது, தண்ணீர் அருமை தெரிந்த ஊர் கைதட்டியது.

சிறு பெண் எழுந்தாள். முதலில் என் அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "பாம்பா கிணறு வெட்டுச்சு?" என்று கேட்டாள். அது அப்பா சொல்லிக்கொடுத்தது இல்லை, அவளே யோசித்தது. யாரோ வெட்டிய கிணற்றில் படுத்துக்கொண்டு அடுத்தவனுக்கு விலை சொல்லப் பாம்பு யார் என்றாள். காவல்காரன், தோட்டம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். முதல் வரிசையில் அப்பாவின் உதடு அவளோடு சேர்ந்து அசைந்தது. கடைசியில் அவள் சொன்னாள்: "அந்தப் பிள்ளைக்கு அப்பம் பேரே வைக்கல. பேரே இல்லாதவகிட்ட யாரு போய்ச் சம்மதம் கேட்டா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எத்தனையோ நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த இடம் அது. மைக் வேறு கையில் இருந்தது. முன்னால் பார்த்தேன். மாமா, அப்பாவின் நாற்காலி முதுகில் கையைப் போட்டுக்கொண்டு, கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் வேர்வை. எங்கள் பக்கத்தில் கோழியைத் திட்டினால் யாரைத் திட்டுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். கதையை யார் கதையாகக் கேட்டார்கள்? மாமா முதலிலிருந்தே இதைச் சாடைப் பேச்சாகத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தது அப்பா ஒருவர்தான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் வாக்குச் செல்லாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இது ஆழ்ந்து பரிசீலிக்க வேண்டிய வழக்கு. ஆகவே வழக்கை ஒத்திவைக்கிறேன்" என்றேன்.

அசல் கோர்ட் மாதிரியே இருக்கிறது என்று கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் அடங்கவில்லை. சிறு பெண் மட்டும் தட்டவில்லை. 'ஏன் டீச்சர்' என்று கேட்கிற முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் நான் முகம் கொடுக்கவில்லை.

விழா முடிந்ததும் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆளே மாறியிருந்தார்.

"மருமவ கெட்டிக்காரி மாப்ள. அந்தச் சின்னப் பிள்ளை பேசப் பேச எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு. ஆனா சபையில வச்சு மாட்டேன்னு சொல்லலல்லா? பொம்பளப்பிள்ள இதுக்கு மேல சரின்னு எப்படிச் சொல்லும்? தையில வச்சிக்கிடுவோம்."

அப்போதுதான் அப்பாவுக்கு விளங்கியது. என்னைப் பார்த்தார். நான் சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மத்தியான இடைவேளையில் அத்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ராயகிரியில் ஒரு உரக்கடையில் அவருக்கு வேலை. அத்தைக்கு, அதாவது என் அம்மாவுக்கு, ஒரு பையில் ஏதோ காய் கொண்டுவந்திருந்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். கடைசியில் ஒரு ஆளாவது என்னைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று அவசரமாக யோசித்தேன். சரி என்றே சொல்லிவிடலாமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. இதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

"ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடப்பிடாது" என்றார்.

"சொல்லுங்க அத்தான்."

"அந்தப் பிள்ளைகிட்ட யாரும் கேக்கலைன்னு அன்னைக்கு எல்லாரும் பேசுனீங்க. அந்தப் பாம்போட பிள்ளைகிட்ட மட்டும் யாரு கேட்டா? அதுக்கும் அவங்கப்பன்தான பேசி முடிச்சான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ராயகிரியில ஒரு பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு. அப்பாகிட்ட நான் வாயைத் தொறந்தா பொறவு வீட்டுப் படி ஏற முடியாது. நீ அன்னைக்குச் செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிருவேன்னு சாமி கும்பிட்டுக்கிட்டே நின்னேன். நீ தள்ளி வச்சுட்ட. இப்பம் தையில கல்யாணம்ங்காவ. நீயே வேண்டாம்னு சொல்லிரேன். நீ படிச்சவ, வேலை பாக்குதவ. ஒன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. என் விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம்."

"சரி அத்தான்" என்றேன். மணி அடித்துவிட்டது. காய்ப் பையோடு வகுப்புக்குப் போனேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் விரும்பியதுதானே நடந்தது? ஆனால் அவமானம் பிடுங்கித் தின்றது. இரண்டு அவமானம். ஒன்று, வாக்கில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தியை மட்டுமே நான் ஆளாக நினைத்திருக்கிறேன். அவருக்கும் ஒரு மனது இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அதுகூடப் பரவாயில்லை, அறியாமை என்று விட்டுவிடலாம். மற்றதுதான் கேவலம். நான் வேண்டாம் என்று சொல்லக் காத்திருந்தேன். அதற்குள் என்னை ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கண்ணாடி முன்னால் நின்று, இந்த முகத்துக்கு என்ன குறை என்று பார்த்தேன்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் போய் எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன்.

அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். இருந்தாலும், "வெத்தலை வச்சாச்சே மக்கா" என்றார்.

"நீங்கதான் சொன்னீங்க, தகப்பன் காவல்தான், சொந்தக்காரன் இல்லைன்னு. எனக்குக் காது குத்தும்போது எனக்குப் பேச்சு வந்திருக்குமா? என்கிட்ட யாரு கேட்டா? அந்தப் பிள்ளைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

எல்லாம் அவர் சொன்ன வார்த்தைகள். ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் வைத்தேன். குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுத்தது. உலகத்துப் பெண்களுக்கெல்லாம் சேர்த்து நியாயம் கேட்கிறவள் மாதிரி நின்றேன். உள்ளே இருந்ததோ, என்னைப் பிடிக்காத ஒருவரிடமிருந்து மானத்தோடு தப்பிக்க வேண்டும் என்கிற பதைப்பு. நான் பேசிய நியாயம் சரியான நியாயம்தான். இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். ஆனால் அன்று அதை ஒரு போர்வையாகத்தான் இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அப்பா பதில் வாதம் செய்யவில்லை. அவருக்கு வாதம் தெரியாதா? எழுந்துபோய்க் காலண்டரில் நாள் பார்த்தார். பிறகு, "நீ சொல்லுதது சரிதான். போயிட்டு வாரேன்" என்றார்.

எங்கள் சொந்தத்தில் வாக்கைத் திரும்ப எடுக்கிறவர் தானே போக வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது, கடுதாசி எழுதக் கூடாது. வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு வாக்குக் கொடுத்த வீட்டு வாசலில் போய் நின்று, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பா அதற்கு முன் யாருக்கும் வாக்குத் தவறியவர் இல்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு குருவிகுளம் பஸ்ஸுக்குப் போனார். அம்மா அவரை வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை.

திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மச்சான் வெளிய வரல. உள்ள இருந்தே பேசுனாரு. பேசட்டும், அவருக்குப் பேச உரிமை இருக்கு. வெத்தலையை வாசப்படியில வச்சிட்டு வந்தேன்."

அடுக்களையில் அம்மா பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் நின்றது. அவள் பிறந்த வீட்டு வாசல் அன்றோடு அவளுக்கு அடைபட்டது.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்தப் பையன்தான் கூட வந்தான்" என்றார் அப்பா. "வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. பஸ் ஏறும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணு கலங்கிட்டான். ஒம்மேல உசிரா இருந்திருப்பான் போல, பாவம். அது நமக்குத் தெரியாமப் போச்சு."

நான் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"அவன்கிட்ட என்ன குறை மக்கா கண்ட?"

"ஒரு குறையும் இல்லப்பா."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அத்தானுக்குக் கொடுத்த வார்த்தைக்காகத்தான் வாய் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. அத்தான் கேட்டுக்கொள்ளாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். வேண்டாம் என்று சொன்னவள் என்கிற திமிர்ப் பெயர் எனக்கு வசதியாக இருந்தது.

மறு வருஷம் அத்தான் எப்படியோ துணிந்து ராயகிரிப் பெண்ணையே கட்டிக்கொண்டார். என்னால் மனம் உடைந்து, அந்த வேகத்தில் கண்ணில் பட்டவளைக் கட்டிக்கொண்டதாகச் சொந்தத்தில் பேசினார்கள். இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாக்குத் தவறியது தன் வீடு மட்டும் இல்லை என்று தெரிந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அம்மாவும் அண்ணன் வீட்டில் தலை நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டிருப்பாள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று போயிற்று.

பிறகு எனக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று. அப்பா கடைசி வரை, குருவிகுளத்துப் பேச்சு வந்தால், "நல்ல பையன். எம் மக வேண்டாம்னுட்டா. நானும் அவளுக்காகப் போய் நின்னேன்" என்று சொல்வார். சொல்லும்போது அவர் குரலில் வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் இருக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.